டிராமடாலே, உன் நல்ல குணங்கள்

டிராமடாலே, நீ சொன்ன சொல் தவறாதவன். ஒரு மணி நேரத்தில் வலியை அடக்குவேன் என்றாய், அடக்கினாய். மலேசியாவில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் இருபது கிலோ செம்பனைக் குலைகளைத் தூக்கித் தூக்கி நொந்துபோன என் அப்பாவின் முதுகை, மண்டோர்கூட உன்னளவு அறிந்ததில்லை. நீ வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போடவில்லை. உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டிருந்ததை மட்டும், அவர் மனம் நோகாதபடி மறைத்து வைத்தாய்.

நீ பெரிய இடத்துப் பிள்ளை. கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைக் குலைத்த தாலிடோமைடை விற்ற அதே ஜெர்மன் நிறுவனமான குரூனென்தால், 1962-இல் உன்னை உருவாக்கியது. 1977-இல் விற்பனைக்கு வந்தாய். வயலில் விளையாததால் அபினியின் கெட்ட பெயர் உன்மேல் ஒட்டவில்லை. மூளையில் அபினி அமரும் இடத்தில்தான் நீயும் அமர்கிறாய்.

சட்டத்திடமும் உனக்குத் தனி மரியாதை. பெத்திடினையும் ஃபென்டனிலையும் 1952 அபாயகர போதைப்பொருள் சட்டம் பூட்டி வைக்கிறது. உனக்கு அதே ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தில், பி பிரிவில் இடம். டாக்டர் எழுதினால் போதும். நம் டவுன் கிளினிக்குகளில் எழுதும் இடமே மருந்து கொடுக்கும் இடமும். ‘இத்தனை மாதமாக ஏன்?’ என்று நடுவில் கேட்க ஆளில்லை. இந்தியா 2018-இல் உன்னைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுபோனது. இங்கே சட்டம் உன்னை நஞ்சு என்கிறது. அப்பா கொண்டுவந்த பிளாஸ்டிக் பாக்கெட்டில் ‘வலிக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

உன் பாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கேப்சூல் 50 மில்லிகிராம். நாளுக்கு 400-ஐத் தாண்டக்கூடாது. அப்பா இரண்டில் தொடங்கினார். எட்டுக்கு வந்து நின்றார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நீ கூப்பிட்டாய், போனார்.

ஒரு தீபாவளிக்கு கிளினிக் மூன்று நாள் அடைத்திருந்தது. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, இரவெல்லாம் திண்ணையில் நடந்தார். காய்ச்சல் என்று நினைத்து அம்மா நெற்றியில் திருநீறு பூசினார். பலகாரத்தை அப்பா தொடவே இல்லை. நான்காம் நாள் காலையில் நீ திரும்பி வந்தாய். ஒரு மணி நேரத்தில் அப்பா எழுந்தார், அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் வீட்டுப் படியிறங்கினார்.