கரண்ட் அடுப்பியல்: மூலமும் உரைகளும்

பாயிரம்

எந்த ஆய்வும் தன் தேவையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு. தேவையே இல்லாத ஆய்வுகளில் அந்தப் பகுதி சற்று நீளமாக இருக்கும். இண்டக்‌ஷன் ஸ்டவ் என்று கடைக்காரரும் கரண்ட் அடுப்பு என்று வீட்டாரும் வழங்கும் கருவி, சிலிண்டர் தீர்ந்த இரவுகளில் எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கிறது. அதற்கு ஓர் உரைநூல் வேண்டாமா? வேண்டும் என்க. குக்கரில் மூன்றாவது விசில் வருவதற்குள் எழுதி முடிப்பதாகத் திட்டம்.

மூலநூல்

இத்துறையின் மூலநூல், அடுப்புடன் அட்டைப்பெட்டியில் வரும் கையேடு. தெர்மோகோலுக்கும் பாலிதீன் உறைக்கும் நடுவே கண்டெடுக்கப்பட்டு, கண்டெடுத்த அன்றே பீரோவில் வைத்துப் பூட்டப்படுவது. வாரண்டி கார்டு, ரேஷன் கார்டு நகல், யாருடையது என்று தெரியாத ஜாதகம் ஆகியவற்றுடன் அது பாதுகாக்கப்படுகிறது. கரையான் அரிக்கவில்லை, கைபடவுமில்லை.

நூலில் ஆசிரியர் பெயர் இல்லை, காலக் குறிப்பு இல்லை, கடவுள் வாழ்த்தும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே ‘எச்சரிக்கை’ என்று தொடங்குகிறது. ஆகவே ஆசிரியர் சமணரா, பௌத்தரா என்ற கேள்வி எழுகிறது. ‘அடுப்பின் மேல் கத்தி, கரண்டி வைக்காதீர்’ என்ற வரியில் கொல்லாமை தொனிப்பதால் சமணரே என்று நிறுவலாம். கத்தியும் கரண்டியும் உலோகம், அடுப்பு ஓடும்போது அவையும் சூடேறிக் கையைச் சுடும் என்பது அறிவியலார் கூறும் வெறும் காரணம். அதை வைத்துக்கொண்டு முனைவர் பட்டம் வாங்க முடியாது.

முந்தைய ஆய்வுகள்

இல்லை. இருந்தாலும் நான் படித்திருக்கப் போவதில்லை; துறை மரபு.

வரலாறு

இண்டக்‌ஷனுக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது 1831-இல். நிக்ரோம் கம்பிக்கு ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றது 1906-இல். அந்தக் கம்பியைச் சுருட்டி வெள்ளைப் பீங்கான் தட்டின் பள்ளத்தில் படுக்க வைத்தால் காயில் ஹீட்டர். ஹாஸ்டல் அறைகளின் குலதெய்வம். கம்பி அறுந்தால் இரு முனைகளையும் முறுக்கி மீண்டும் பற்றவைத்த தலைமுறை ஒன்று இன்று பெரிய பதவிகளில் இருக்கிறது. அந்தக் கம்பியில் கரண்ட் திறந்தவெளியில் ஓடுகிறது, எவர்சில்வர் கரண்டி பட்டால் அடி நிச்சயம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்களா என்று தெரியவில்லை. வார்டன்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் பறிமுதல் செய்த ஹீட்டர்களில்தான் அவர்கள் டீ போட்டார்கள் என்பது ஒரு சாரார் கருத்து (பழைய மாணவர் சங்கம், வாய்மொழி, இரவு விருந்துக்குப் பின்).

இங்கே ஒரு முக்கியமான உண்மையைச் சொல்லாமல் விட்டால் என்னைத் தமிழறிஞர் என்று யாரும் ஒப்பமாட்டார்கள். அக்கினி தந்த வரத்தால் நினைத்த இடத்தில் நெருப்பை வரவழைத்தவன் நளன். அடுப்பு மூட்டாமல் சமைத்தான். ஆகவே ஃபாரடேக்கு முன்பே இண்டக்‌ஷன் நம்மிடம் இருந்தது. ஆதாரம் கேட்பவர்கள் அடுத்த சர்வதேசக் கருத்தரங்குக்கு வரவும். பதிவுக் கட்டணம் கட்டினால் நீங்களும் கட்டுரை வாசிக்கலாம், ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் தொகுப்பும் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் செல்போனில் வாழ்த்துச் சொன்னால் கருத்தரங்கு சர்வதேசம் ஆகிவிடுகிறது.

வகைகள்

காயில் ஹீட்டரை மேலே கண்டோம். இன்னொரு வகையான இன்ஃப்ராரெட் அடுப்பு எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும். அதில் ஆய்வதற்குச் சிக்கல் ஏதுமில்லை, விடுக. மேல்தட்டு மட்டும் நெடுநேரம் சுடும், தொடற்க.

பாத்திர இயல்

இண்டக்‌ஷனின் கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சுவரிலிருந்து விநாடிக்கு 50 சுழற்சியாக வரும் மின்சாரத்தை உள்ளே உள்ள மின்னணுப் பகுதி 20,000-க்கும் மேற்பட்ட சுழற்சியாக மாற்றிச் சுருளுக்கு அனுப்ப, மாறிமாறி எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. சூடாவது பாத்திரம்; அடுப்பு அதனிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் சுடுகிறது. அணைத்த உடனே தட்டின் மேல் கை வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கடன் சூடு.

காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அடுப்பு ஏற்காது. அலுமினிய இட்லிக் கொப்பரை, பித்தளை அண்டா, வெண்கலப் பானை, மண்சட்டி எல்லாம் தள்ளுபடி. எவர்சில்வரிலும் பாதி ஒட்டும், பாதி ஒட்டாது. சோதிப்பது எளிது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஏழுமலையானை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைக்க வேண்டும். பெருமாள் பிடித்துக்கொண்டால் சமைக்கலாம், வழுக்கினால் கேஸ் அடுப்புதான். இதில் சைவ, வைணவ வேறுபாடு இல்லை. பழனி முருகனும் இதே முடிவைத்தான் தருகிறார்.

ஆனால் நம் குடும்பங்களில் பாத்திரத் தேர்வு காந்தத்தால் நடப்பதில்லை, கல்வெட்டால் நடக்கிறது. விளிம்பில் பெயர் வெட்டிய பாத்திரங்கள் அவை. இனிஷியல், ஊர், கல்யாணத் தேதி, கொடுத்த மாமாவின் பெயர் எல்லாம் புள்ளி புள்ளியாக விளிம்பைச் சுற்றி ஓடும். ‘எங்கம்மா வீட்டுப் பாத்திரத்தை இந்த அடுப்பு ஏத்துக்கலையாமே’ என்ற வாக்கியம் அரைமணி நேரத்தில் மெய்க்கீர்த்தியாக வளர்ந்து, சீர் கொண்டுவந்தவர், கொண்டுவராதவர், கொண்டுவருவதாகச் சொன்னவர் என்று மூன்று பரம்பரைகளையும் ஆவணப்படுத்திவிடும். கல்வெட்டாய்வாளர்கள் வெயிலில் கோயில் மதில்களைப் படியெடுக்கும் நேரத்தில் எங்கள் பரணில் ஏறினால் ஒரு வம்சத்தையே மீட்டெடுக்கலாம்.

ஈயச் சொம்பு தனி. வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். உள்ளே ரசம் இருக்கும்வரை கேஸ் அடுப்பில் அது தாங்கும். வெறுமனே வைத்துவிட்டுப் பேசப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. இண்டக்‌ஷனில் வைத்தாலோ ஒன்றுமே நடக்காது, காந்தம் ஒட்டாத பிறவி. ரசப் பிரியர்கள் அடுப்பைத் திட்டுவார்கள். சொம்பைக் காப்பாற்றிய ஒரே அடுப்பு அதுதான்.

தோசைக்கல் இயல்

வார்ப்பிரும்புக் கல்லை அடுப்பு ஏற்கும். சுருளின் வட்டம் கல்லின் வட்டத்தைவிடச் சிறியது. ஆகவே தோசையின் நடு கருகும், ஓரம் வேகாது. எடுத்தவுடன் முழு வாட்ஸில் வைத்தால் நடு மட்டும் சட்டென்று சூடேறிக் கல் வளையலாம், விரியலாம். குறைவில் தொடங்கிப் பொறுமையாக ஏற்றுக. கல்லைத் தட்டின் மேல் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், இழுத்தால் கண்ணாடி கீறும். ஊத்தப்பம் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

பட்டன் இயல்

முகப்பில் இட்லி, தோசை, பால், கறி என்று பட்டன்கள். இட்லி பட்டனை அழுத்தினால் அடுப்புக்கு இட்லி பற்றி ஏதோ தெரியும் என்று நம்புவது இயல்பு. அதற்கு மாவு புளித்ததும் தெரியாது, உளுந்து குறைந்ததும் தெரியாது. குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரம் ஓடும், அவ்வளவே. ‘பால்’ பட்டனை நம்பிச் சீரியல் பார்க்கப் போனவர் வீட்டில் மேடை முழுக்கப் பால். எல்லா வீட்டிலும் தேய்ந்திருப்பது கூட்டல், கழித்தல் பட்டன்கள் மட்டும் என்பது களஆய்வில் உறுதி.

விசிறிச் சிக்கல்

இப்போது இத்துறையின் தலையாய விவாதத்துக்கு வருவோம். சமையல் முடிந்து பட்டனை அணைத்த பிறகும் அடுப்புக்குள் ‘உர்ர்’ என்று ஓர் ஓசை. ஏன்?

முதல் கட்சி பிடுங்குநர். ஓசை இருந்தால் யூனிட் ஓடுகிறது என்பது இவர்கள் கோட்பாடு. பட்டனை அணைத்த கையோடு பிளக்கைப் பிடுங்குவார்கள். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பதை இறுகப் பற்றி வாழும் இவர்களுக்கு அந்த உர்ர் அடுத்த பில்லின் குரலாகக் கேட்கிறது (தாத்தா, ‘ஈஸிசேர் பேருரை’, மின்வாரிய அட்டையின் ஓரக்குறிப்பு).

இரண்டாம் கட்சி காத்திருப்போர். ஓசை தானாக அடங்கும்வரை விடுபவர்கள். இவர்களுள் ஓர் உட்பிரிவு, ஓசை கேட்கும் தூரத்தில் இல்லாததால் காத்திருப்பவர்கள், இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (எதிர்வீட்டு அம்மா, ‘விசிறி விளக்கம்’, மொட்டைமாடி வெளியீடு, வடகம் காயவைத்த முதல் பதிப்பு, திருத்திய பதிப்பு மழை வந்ததால் பாதியில் நின்றது).

மூன்றாம் கட்சி சமரசவாதிகள். பிளக்கைப் பிடுங்குவது முரட்டுத்தனம் என்று, நாசூக்காகச் சுவர் சுவிட்சை மட்டும் அணைப்பார்கள். இதுவும் பிடுங்குவதும் ஒன்றே என்று சொன்னால், ‘ஒன்றுபோலத் தோன்றினும் உட்பொருள் வேறு’ என்பார்கள் (சின்ன மாமனார், ‘சுவிட்ச் சுருக்கம்’, கல்யாண மண்டபப் பந்திப் பதிப்பு, இலை எடுப்பதற்கு முன், இதை மறுத்துப் பெரிய மாமனார் எழுதிய ‘சுருக்கத்தின் சுருக்கு’ பாயசம் வரும் வேளையில் வெளியாகி, பரிமாறுபவரின் குறுக்கீட்டால் முற்றுப்பெறாதது, இரண்டையும் ஒப்பிட்டு மணப்பெண்ணின் தம்பி தயாரித்த பாடவேறுபாட்டுப் பட்டியல் கை துடைக்கும் தாளில் கிடைத்து, அதே தாளில் முடிந்தது).

மூன்று கட்சியும் மூலநூலைத் திறக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. திறந்திருந்தால் ஒற்றை வரியில் தீர்ந்திருக்கும். சுருளும் மின்னணுப் பகுதிகளும் சூடாக இருக்கின்றன. அவற்றை ஆற்றத்தான் விசிறி ஓடுகிறது. அது தானாக நிற்கும்வரை கரண்டை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் சூடு உள்ளேயே தேங்கிப் பாகங்களின் ஆயுள் குறையும். செலவு? 2,000 வாட் அடுப்பு அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடினால்தான் ஒரு யூனிட். அந்தச் சின்ன விசிறி சில நிமிடம் சுற்றுவது கணக்கில் தட்டுப்படாத காசு. ஆனால் ஒரு வரியில் தீர்ந்தால் நாற்பது பக்க ஆய்வுரை எப்படி எழுதுவது? மூலத்தைத் திறக்காமலே உரைக்கு உரை எழுதி ஓய்வுபெற்றவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு மணிவிழா மலரும் உண்டு.

துப்புரவு இயல்

1950-களில் அமெரிக்காவில் ஃப்ரிஜிடேர் நிறுவனத்தின் இண்டக்‌ஷன் அடுப்பைக் காட்சிக்கு வைத்தபோது, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை விரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார்கள். நாம் அதே செய்தித்தாளை அடுப்புக்கு அடியில் விரிக்கிறோம். அடியில்தான் விசிறி காற்றை இழுக்கும் வாய் இருக்கிறது. வாயைப் பொத்திவிட்டு மூச்சுவிடவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போகிறோம். சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை அந்தத் துளைகளில் தூசி தட்டினால் கரப்பான்பூச்சிக் குடும்பங்கள் கதகதப்புக்குக் குடியேறுவதும் குறையும்.

துடைப்பது ஆறிய பிறகு, பிளக்கைக் கழற்றிய பிறகு, பிழிந்த ஈரத் துணியால். மேடையோடு சேர்த்து வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வெள்ளிக்கிழமைப் பண்பாட்டிலிருந்து கரண்ட் அடுப்புக்கு விலக்கு அளிக்க வேண்டும். கம்பி நார் கூடாது. தட்டில் விரிசல் விழுந்தால், மயிரிழைதான் என்றாலும், அடுப்பு அன்றோடு ஓய்வு; பொங்கி வழியும் பால் அந்த வழியே கரண்ட் ஓடும் இடத்துக்குப் போய்விடும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அடுப்பை ஒட்டி நிற்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இதில் ஆய்வாளர்களுக்கு வேலை இல்லை.

துளை இயல்

நம் வீட்டுச் சுவர்களில் சாக்கெட் இரு வகை. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனாலும் மாற்றுப் பிளக் ஒன்றை வாங்கி, அடுப்பைச் சின்ன சாக்கெட்டிலோ, மிக்ஸியும் செல்போனும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டுகிறோம். இதற்கு ஆதாரமான சூத்திரம் மூன்று சொல்: ‘ஒண்ணும் ஆகாது சார்’. இத்துறையில் மிகச் சுருங்கியதும், மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவதும் இதுவே. இதை மறுக்கும் சான்றுகள் சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பதிவாகியிருக்கும், கருகிய பிளாஸ்டிக் வாசனையும் இருக்கும்.

எர்த் பின் என்பது பிளக்கின் தடித்த மூன்றாம் கால். அதை ஒடித்துவிட்டு இரண்டு காலில் நிற்கவைப்பது புரட்சி ஆகாது. மெயின் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால், ஈரக் கையோடு அடுப்பைத் தொடும் அறிஞர்கள் மறுநாளும் கருத்துச் சொல்ல இருப்பார்கள்.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக மறுப்பு எழுதலாம். எழுதுவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். சமையல் முடிந்து, விசிறி நின்று, சுவிட்சை அணைத்த பிறகு, உங்கள் வீட்டு அடுப்பின் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பேராசிரியரைக் கூப்பிட வேண்டாம்.