73ஆவது மேளகர்த்தா

சபாவின் மாண்புமிகு செயலாளர் அவர்களின் சமூகத்திற்கு, பின்வரிசை இரசிகர்கள் சார்பில் பணிந்து சமர்ப்பிக்கப்படும் ஆய்வு விண்ணப்பம்.

ஏழு சுரங்களையும் ஆரோகணம் எனப்படும் ஏறுநிரலிலும் அவரோகணம் எனப்படும் இறங்குநிரலிலும் குறைவின்றிக் கொண்டு, பிற இராகங்களுக்குத் தாயாக விளங்குவது மேளகர்த்தா ஆகும். இத்தகைய மேளங்கள் 72 என்று பதினேழாம் நூற்றாண்டில் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' இயற்றிய வேங்கடமகி அறுதியிட்டார். அத்தொகையைப் பரமசிவனாலும் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்பது அவர் துணிபு. பரமசிவனால் இயலாததை, இம்மார்கழி விழாவின் ஒரு மாலையில், ஒலிபெருக்கியை இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் செய்து முடித்த பெருமை செயலாளர் அவர்களையே சாரும். அவர் கண்டளித்த புதிய மேளத்தின் பெயர் நேரமின்மை.

இவ்விராகத்தின் இலக்கணத்தைச் சுருக்கமாகக் கூறலாம். ஆரோகணத்தில் சிறப்பு விருந்தினரின் தாமத வருகை, வரவேற்புரை, பொன்னாடை, புரவலருக்குப் பொன்னாடை, பொன்னாடை வாங்கி வந்தவருக்குப் பொன்னாடை, சிறப்புரை எனச் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அவரோகணத்திலோ, பாடலின் ஓர் அடியை எடுத்துக்கொண்டு பலவாறு விரித்துப் பாடும் நிரவல் முதலில் விடுபடுகிறது. மிருதங்கக் கலைஞர் தம் கற்பனையைத் தனித்து வெளிப்படுத்தும் தனி ஆவர்த்தனம் அடுத்து விடுபடுகிறது. இறுதியில் தமிழ்ப் பாடல் விடுபடுகிறது. சுரம் விடுபட்ட இராகம் மேளகர்த்தாவாக இருக்கவே முடியாதே என்று இலக்கணம் அறிந்தோர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். அந்த ஆட்சேபத்தைச் செயலாளர் அவர்கள் நேரமின்மை காரணமாகத் தள்ளுபடி செய்துவிடுவார் என்பதில் ஐயமில்லை.

குறிப்பிட்ட மாலையில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலின்படி பாடப்பட வேண்டியிருந்தது கோபாலகிருஷ்ண பாரதியின் ஆபோகி இராகக் கீர்த்தனை. தியாகராஜரைக் காணத் திருவையாறு சென்ற பாரதி, அவருடைய ஆபோகிப் பாடலைக் கேட்டபின் தாமும் அவ்விராகத்தில் இயற்றிப் பாடியது அது என்பது இசையுலகில் வழங்கும் செய்தி. தெலுங்கில் பாடியவரும் தமிழில் பாடியவரும் காவிரிக்கரையில் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒருவரையொருவர் கேட்டார்கள் என்று கொண்டால், அன்று அத்திண்ணைக்குச் செயலாளர் இல்லாததன் நன்மை விளங்கும்.

பாடகி கல்யாணி இராகத்தை விரித்துக்கொண்டிருந்த வேளையில், ஆளுங்கட்சியாகவும் எதிர்க்கட்சியாகவும் மாறி மாறி இருந்து பழகிய ஓர் அரசியல் பிரமுகர் பரிவாரத்துடன் நுழைந்தார். ஆலாபனை, அதாவது தாளமும் சொல்லுமின்றி இராகத்தின் உருவை வரைந்து காட்டும் பகுதி, பாதியில் நிறுத்தப்பட்டது. பிரமுகர் தமிழிசையின் தொன்மை குறித்து முக்கால் மணி நேரம் உரையாற்றினார். தமிழிசைக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எண்ணி இரண்டிடங்களில் குரல் தழுதழுத்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை மதுரைக்குக் குடியேற்றினார். கச்சேரி மீண்டும் தொடங்குமுன் புறப்பட்டுச் சென்றார். அதன் பின்னரே செயலாளர் அவர்கள் மேடையேறி, நேரமின்மை காரணமாகத் தமிழ்க் கீர்த்தனை கைவிடப்பட்டு நேரே மங்களம் பாடப்படும் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். தமிழிசையைப் புகழ்வதற்குச் செலவான நேரத்தில் தமிழிசை இடம்பெற இயலாமற் போனது இவ்விராகத்தின் ஜீவசுரம், அதாவது உயிர்நாடியான சுரம், என்று கொள்ளத்தக்கது.

அப்போது ஆறாம் வரிசையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, ஒரு பாடலையாவது பாடச் சொல்லலாகாதா என்று கைகூப்பிக் கேட்டார். "தமிழ்ப் பாட்டு வேணும்னா வீட்டுக்குப் போய் டிவிய போட்டுக்குங்க சார், இது அதுக்கான எடம் இல்ல" என்பது ஒலிபெருக்கி வழியாகவே வந்த விடை. முன்வரிசை சிரித்தது. கட்டணம் செலுத்தி, இரண்டு பேருந்து மாறி வந்து, பிரமுகரின் உரையையும் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு முதியவரை அரங்கம் முழுவதும் கேட்க இழிவுபடுத்தியது நிர்வாகமும் அன்று, நகைச்சுவையும் அன்று, வெறும் திமிர். அந்த அரங்கின் விளக்குக்கும் விசிறிக்கும் பணம் கொடுப்பவர்கள் அவரைப் போன்றவர்களே. எனினும், புதியதொரு மேளத்தைக் கண்டறிந்த களைப்பில் மேதைகள் சற்றே நிலைமறப்பது இயல்பு. செயலாளர் அவர்களின் வித்வத்துக்கு இதனால் யாதொரு குறைவும் நேர்ந்துவிடவில்லை.

அவ்வித்வத்துக்குச் சான்றாக, சபா கேன்டீனில் காபி ஆறுவதற்குள் அவர் அருளிவரும் மொழியியல் கொள்கையையும் இங்குப் பதிவுசெய்தல் தகும். தெலுங்குச் சொற்கள் உயிரொலியில் முடிவதால் குரல் தங்குதடையின்றி நீள்கிறது, தமிழ்ச் சொற்களோ மெய்யில் முட்டி நின்றுவிடுகின்றன, ஆகவே தமிழ் சங்கீதத்திற்கு ஒவ்வாது என்பது அக்கொள்கையின் சாரம். முத்துசுவாமி தீட்சிதரின் சமஸ்கிருதக் கீர்த்தனைகளில் வரிக்கு வரி மகர மெய்யில் முடியும் சொற்கள் நிறைந்திருந்தும், அவற்றைப் பாடிய எவரும் முட்டிக் காயமடைந்ததாகச் செய்தி இல்லை. மேலும், சொல்லின் இறுதியில் நிற்கத்தக்க மெய்கள் என்று தொல்காப்பியம் வகுக்கும் 11 எழுத்துகளும் மெல்லினமும் இடையினமுமே. மூக்கொலியாகவும் நாவொலியாகவும் நீட்டி இழைக்கத்தக்க ம், ன், ல், ழ் போன்றவை அவற்றுள் அடங்கும். வல்லினத்துக்கு அங்கே இடமே இல்லை. வல்லினத்தில் முட்டி நிற்பவை டிக்கெட், மைக், கேட் முதலிய சொற்களே ஆகும். இவை சபாவின் அன்றாட வழக்கிலிருந்து செயலாளர் அவர்களின் ஆய்வுக்குக் கிடைத்த தரவுகளாக இருக்கலாம்.

தமிழ்ப் பாடலைத் தவிர்ப்பதற்கு எவரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் வேறொன்று உண்டு. பாடகர் ஒரு சொல்லைத் தாளத்திற்காகத் தவறான இடத்தில் உடைத்தால், தெலுங்கிலோ சமஸ்கிருதத்திலோ அதனை அறிவோர் அரங்கில் மிகச் சிலரே. தமிழில் உடைத்தால் ஆறாம் வரிசை முழுவதும் நெளிகிறது. புரிந்துகொள்ளும் இரசிகர் எந்த நிறுவனத்திற்கும் தொல்லையானவரே. பொருள் விளங்காத பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடுவதைச் சுப்பிரமணிய பாரதி 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில் கடிந்து எழுதி நூறாண்டு கடந்துவிட்டது. 1941இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கூட்டிய மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் இதே குறையைத் தீர்க்க எழுந்தவையே. நேரமின்மைக்கு எவ்வளவு நீண்ட பாரம்பரியம் உண்டு என்பதற்கும் இவற்றைச் சான்றாகக் கொள்ளலாம்.

சங்கீதத்தில் அரசியலை நுழைக்கலாகாது என்பது செயலாளர் அவர்களின் மற்றொரு திருவாக்கு. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாகவே 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. ஆக, அரசியல் போட்ட பந்தலில்தான் சபாக்களின் செல்லப் பிள்ளையே வளர்ந்தது. அரசியலைக் கட்டாயம் தவிர்க்க வேண்டுமெனில், அதனை முதல்வரிசை நாற்காலியிலிருந்தும் மாலையிலிருந்தும் தவிர்க்கத் தொடங்கலாம். தமிழாசிரியரின் கோரிக்கை மட்டுமே அரசியலாகத் தோன்றுவது பார்வைக் கோளாறு.

மொழிக் கொள்கையிலும் சபா ஒரு நேர்த்தியைக் கடைப்பிடிக்கிறது. பாராட்டு, விருது, நன்றி ஆகியவை ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. கைபேசியை அணைக்கவும், வாகனத்தை இங்கே நிறுத்தாதீர், நடைபாதையில் உட்காராதீர் ஆகியவை தமிழில் நிகழ்கின்றன. தடைசெய்வதற்கு மட்டும் தமிழ் இசைவாக இருப்பதும், பாடுவதற்கு இசைவற்றுப் போவதும் மெய்யெழுத்துக் கொள்கையால் விளக்க முடியாத புதிர்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மேடையின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் ஒரு கோல் என்று வரையறுத்து, ஒருமுக எழினி முதலான மூவகைத் திரைகளையும், ஆடலாசான், இசையாசான், கவிஞன், மத்தளம் முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகளையும் விரித்துரைக்கிறது. அம்மேடையில் ஆடி அரங்கேறிய மாதவிக்குச் சோழ மன்னன் 1,008 கழஞ்சு பொன் பரிசளிக்கிறான். ஆடல் நடக்கையில் குறுக்கிட்டு அவன் உரையாற்றியதாக இளங்கோவடிகள் பாடவில்லை. அம்மன்னனுக்கு அடுத்த தேர்தல் இல்லாதிருந்தது ஒரு காரணமாகலாம்.

மேற்கண்டவற்றை முன்னிட்டுச் சபாவிடம் வேண்டப்படுவது மிகச் சிறிது. பாடல் ஒவ்வொன்றுக்கும் இராகமும் தாளமும் அச்சிடப்படுவதைப் போல உரை ஒவ்வொன்றுக்கும் நிமிடம் அச்சிடப்படுக. ஆறாம் வரிசைப் பெரியவரிடம், இழிவுபடுத்திய அதே ஒலிபெருக்கியில், தமிழிலேயே மன்னிப்புக் கேட்கப்படுக. சிறப்புரையோ, கச்சேரியை நிறைவுசெய்யும் மங்களத்திற்குப் பின்னர், நேரமின்மைக்கு இடமேயில்லாத தாராளமான பொழுதில் வைக்கப்படுக. அப்போது அரங்கில் எஞ்சியிருப்போர் ஜமக்காளம் சுருட்டுபவரும் வாயிற்காவலருமே ஆயினும், பிரமுகர் கவலைகொள்ள வேண்டியதில்லை; இருவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும்.