தோசைத் திருப்பியும் நான்கு சக்கரமும்

ஸ்கார்பரோ, கனடா
தை மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கார் மட்டும் போன வாரம் முழுக்கச் சாமியாடியது. திண்டிவனத்தில் பட்டறையில் உட்கார்ந்து இதைப் படிப்பதானால், பக்கத்தில் ஆள் இல்லாதபோது படியுங்கள். என் மானம் உங்கள் கையில்.

திங்கட்கிழமை ராத்திரி முக்கால் முழத்துக்குப் பனி கொட்டியது. காலையில் காரைத் தோண்டி எடுத்து 401 நெடுஞ்சாலையில் ஏறினேன். எழுபது கிலோமீட்டர் வேகம் வரை சாது. எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. நூறில் என் பல்லும் சேர்ந்து ஆடியது. குளிரிலா பயத்திலா, தெரியவில்லை.

வைத்தியம் சொல்ல ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன், "தம்பி, டிஸ்க் நெளிஞ்சு போச்சு, மாத்தினாத்தான் சரிவரும்" என்றார். ஆபீசில் ஒரு பஞ்சாபி நண்பர் வீல் பேரிங்தான் என்று சத்தியம் செய்தார். ஒர்க்‌ஷாப்காரன் யார் மனதும் நோகாமல் டிஸ்க், பேட், பேரிங், அலைன்மென்ட் எல்லாவற்றையும் எழுதி 1,400 டாலர் என்றான். காரை ஜாக்கியில் ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. டாலருக்கு அறுபது ரூபாய் என்று மனசு பெருக்கிப் பார்த்தது: 84,000. இந்த வியாதிக்கு மட்டும் கனடாவில் மருந்தில்லை.

டிஸ்க் நெளிந்தால் பிரேக்கை மிதிக்கும்போதுதான் உதறும், பேரிங் போனால் உறுமும் என்று நீங்கள் சொல்வீர்களே. மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் இதில் ஒரே ஆட்டம், உறுமலும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனோம். அடித்தளத்தில் சூடேற்றிய பார்க்கிங். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால் கார் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது! மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதாக உங்கள் மருமகள் சொன்னாள். மறுநாள் காலை பழையபடி ஆட்டம். அம்மன் எல்லை அடித்தளத்தோடு சரிபோல.

அப்புறம்தான் பொறி தட்டியது. அந்த பார்க்கிங்கில் காரை எடுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தடியிலும் குட்டை மாதிரித் தண்ணீர் நின்றது. விழுப்புரம் தனி மாவட்டமான 1993-ல், அந்த ஐப்பசி மழையில், மயிலம் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது நம் அம்பாசிடர் வயலில் இறங்கியதே, நினைவிருக்கிறதா? டிராக்டர் வைத்து இழுத்தோம். மறுநாள் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஸ்டியரிங் ஆட, விழுப்புரத்தில் இரண்டு ஷெட்டில் டை ராடு என்றார்கள். நீங்கள் பஸ் ஏறி வந்து, குனிந்து, ரிம்முக்கு உள்பக்கம் கையை விட்டுக் கட்டி கட்டியாகக் களிமண்ணை எடுத்துப் போட்டீர்கள். "காஞ்ச மண்ணுக்கு எதுக்குடா டை ராடு?" என்று கேட்டு ஒரு டீயோடு கணக்கை முடித்தீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை, மைனஸ் 14 டிகிரி. கைக்கு வாகாக வேறெதுவும் கிடைக்காமல் சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரிம்மின் ஆரங்களுக்கு நடுவே விட்டுச் சுரண்டினால், உள்பக்கம் பனி அப்பி, பாறையாக இறுகிக் கிடக்கிறது. ஓடும்போது பிரேக் சூட்டில் கொஞ்சம் உருகுகிறது. நிறுத்தி வைத்த ராத்திரியில் தண்ணீர் அடிப்பக்கம் இறங்கி, அங்கேயே உறைந்துவிடுகிறது. சக்கரத்துக்கு ஒருபக்கம் கனம். பேலன்ஸ் பார்க்கும்போது பத்துப் பதினைந்து கிராம் ஈயத்துண்டுக்கே நீங்கள் அவ்வளவு பார்ப்பீர்கள். இங்கே ஒரு தேங்காய் மூடி அளவுக்குப் பனிக்கட்டி! நாலு சக்கரத்துக்கும் அரை மணி நேரம் ஆனது. ரோட்டில் 110-ல் போய்ப் பார்த்தேன். ஆட்டமே இல்லை.

இன்னொன்று. பனி உருகட்டும் என்று இங்கே லாரி லாரியாக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். மரக்காணம் உப்பளத்துக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். காரின் அடிப்பாகம் ஊறுகாய் ஆகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதை அடுத்த கடிதத்தில்.

சித்தியிடம் ஒரு விண்ணப்பம். தோசைத் திருப்பி வளைந்துவிட்டது, அதில் கிரீஸ் வாடையும் போகவில்லை. மூன்று நாளாக வீட்டில் உப்புமாதான். ஊரிலிருந்து யாராவது கிளம்பினால் கனமான இரும்புத் திருப்பியாகப் பார்த்து இரண்டு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று டிக்கிக்கு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்