ஆறு மணி நேரச் சிக்கனம்

அமெரிக்கக் கஜானாவைக் காலி செய்த கயவர்களை வெள்ளை மாளிகை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. வயலின் கற்கப் போன பெண், பயிர் நோயை ஆராயப் போன பையன், அயல்நாட்டுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன பட்டதாரி. வேறு யார்! கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கு இருந்த 74 கோடி டாலரில் 69 கோடியை வெட்டச் சொன்னது 2026ஆம் நிதியாண்டுக்கான அரசின் முன்மொழிவு. அதே கையோடு ராணுவத்துக்குக் கேட்ட தொகை ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மிச்சம் பிடிக்கப் பார்த்தது ராணுவத்தின் ஆறு மணி நேரச் செலவு. காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும்.

இந்தப் பரிமாற்றம் பிறந்த கதையைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, வெளிநாடுகளில் அமெரிக்க ராணுவத்தின் உபரிச் சாமான்கள் குவிந்து கிடந்தன. அவற்றை விற்ற காசில் மாணவர்களை அங்குமிங்கும் அனுப்பலாம் என்றார் ஆர்கன்சா செனட்டர் ஃபுல்பிரைட். 1946 ஆகஸ்ட் 1 அன்று அதற்கான சட்டத்தில் அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். தாத்தாக்கள் லாரியை விற்றுப் படிப்பு வாங்கினார்கள். பேரன்கள் படிப்பை விற்று லாரி வாங்கப் பார்க்கிறார்கள்.

2025 ஜூன் 11 அன்று, செனட்டர் பெயரிலேயே நடக்கும் அந்த ஃபுல்பிரைட் உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வாரியத்தில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் ராஜினாமா செய்தார்கள். அவர்கள் சலித்தெடுத்த பலரின் பெயரை மேலிடம் அடித்துவிட்டதாம். அடிபட்ட பாடங்களில் உயிரியல், பயிரியல், இசை, வரலாறு எல்லாம் உண்டு. தேசத்தைக் கவிழ்க்கப் பயிரியலைவிடக் கூரான ஆயுதம் ஏது? மூன்றே நாளில் வாஷிங்டன் வீதியில் டாங்கிகள் ஊர்வலம் போயின. அதற்குக் காசு இருந்தது.

இந்த ஃபுல்பிரைட் திட்டத்தில் 1959இல் அமெரிக்கா போனவர் கவிஞர் ஏ.கே. ராமானுஜன். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் சிக்கியது. 1967இல் அந்தப் பாடல்களில் சில அவர் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் நூலாயின. தலைவி தோழியிடம் புலம்புவதை உலகமே ஒட்டுக்கேட்கிறது. பாதுகாப்புக்கு எவ்வளவு பெரிய அச்சுறுத்தல்!

அமெரிக்காவை மட்டும் திட்டித் தீர்த்துவிட்டு நாம் எழுந்து போக முடியாது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோரை அயல்நாட்டில் படிக்கவைக்கும் தேசிய உதவித்தொகை ஒன்று டெல்லியில் இருக்கிறது. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் ஆண்டுக்கு 125 இடம். அதற்கும் 2022இல் ஒரு பூட்டு: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி ஆராய அயல்நாடு போகப் பணம் கிடையாது. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போன அம்பேத்கர், 1916இல் அங்கே வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இன்று அவர் அந்தத் தலைப்போடு வந்து நின்றால், அம்பேத்கர் படம் மாட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவார்.

ஐயா அமைச்சர்களே, அந்த விதியைக் கிழித்துப் போடுங்கள். இடங்களைப் பத்து மடங்காக்குங்கள். மாட்டோம் என்றால் மாட்டோம் என்றே சொல்லுங்கள். பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.