விசாரணை இல்லாமத் தூக்கா, மருமகனே?

மருமகனே, ஸ்க்ரீன்ல கோடு கோடா வருதாம். கட்டம் கட்டமாத் தெரியுதாம். நடுவுல திடீர்னு கறுத்துப் போயிடுதாம். அதனால கிராஃபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு, புதுசு வாங்கணும்னு நீயே தீர்ப்பும் எழுதிட்டே. புள்ளைங்க பள்ளிக்கூட வேலை செய்யணும்னு காரணம் வேற சொன்னே. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுய்யா. வாய்ப்பாடு படிக்கிற புள்ளைக்கு 170 வாட் கார்டு கேக்குற தகப்பனைப் பேராக் மாநிலம் இதுக்கு முன்னாடி பார்த்திருக்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூம்ல துப்பாக்கிச் சத்தம் கேக்குதுன்னு என் தங்கச்சி சொல்றா. வாய்ப்பாட்டுல இப்போ துப்பாக்கியும் சேர்த்துட்டாங்களோ என்னமோ! நான் என்னத்தைக் கண்டேன், தோட்டத்து ஆலையில ரப்பர் ஷீட் ரோலர் ஓட்டின ஆளு.

நம்ம தஞ்சோங் மாலிமுக்கு ஒரு பழைய கதை உண்டு, உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. 1952 மார்ச் மாசம். அவசரகாலம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்காரங்க ஊருக்கு வர்ற தண்ணிக் குழாயைக் காட்டுக்குள்ள வெட்டி விட்டுட்டாங்க. சரி பண்ணப் போன கூட்டத்தை மறைஞ்சிருந்து சுட்டதுல 12 பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர் மைக்கேல் கோட்னர். ரெண்டாவது உலகப் போர்ல ஜெர்மன்காரன் சிறையில, உடற்பயிற்சிக்குன்னு செஞ்ச மரக்குதிரைக்கு அடியில சுரங்கம் தோண்டித் தப்பிச்சவரு. இங்க வந்து உதவி மாவட்ட அதிகாரியா இருந்தாரு. சேதி கேட்டு, அப்ப மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஜெனரல் டெம்ப்ளர் நேரா இங்க வந்தாரு. யாரு செஞ்சதுன்னு ஊர்ல ஒருத்தரும் வாயைத் திறக்கலே. ஒரு நாளைக்கு 22 மணி நேரம் ஊரையே வீட்டுக்குள்ள பூட்டினாரு. அரிசி அளவையும் குறைச்சாரு. கிட்டத்தட்ட ரெண்டு வாரம் அப்படியே கிடந்துச்சு ஊரு. வீடு வீடாத் தாளைக் குடுத்து, தெரிஞ்சதை எழுதிப் பெட்டியில போடுன்னாரு. அவராவது அடிச்சிட்டு அப்புறமா விசாரிச்சாரு. நீ விசாரணையே இல்லாம கார்டைத் தூக்குல போடுறியே, ஜெனரலுக்கும் மேலய்யா நீ.

சரி, நாம விசாரிப்போம். காசு செலவில்லாத சாட்சிங்களை முதல்ல கூப்பிடு. கேபிளைக் கழட்டி வேற கேபிள் மாட்டிப் பாரு. டிவியில சொருகிப் பாரு. மானிட்டர்தான் கிழடோ என்னமோ. அப்புறம் பட்டனை அமுக்கினதும் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு பேர்ப்பலகை ஸ்க்ரீன் வருமே, அதுலயே கோடு விழுதான்னு கவனி. அங்கயே விழுந்தா டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லே, நோய் சாமான்ல இருக்கு. விண்டோஸ் வந்த பின்னாடிதான் விழுதுன்னா, பழைய டிரைவரை வேரோட பிடுங்கிட்டு புதுசு போட்டுப் பாரு. விளையாட ஆரம்பிச்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கறுக்குதுன்னா, ஒண்ணு சூடு, இல்லே பவர் சப்ளை.

இந்தப் பவர் சப்ளை ஒரு பெரிய கள்ளன். வேலையை ஒழுங்காச் செய்யாது, பழியைக் கார்டு மேல போட்டுட்டு மூலையில உக்காந்திருக்கும். நம்ம பக்கத்து இடி மின்னலை நீ அறிவே. சாயங்காலம் மழை இறங்கினா கடைக்காரன் கதவைச் சாத்துறான், உன் கம்ப்யூட்டர் மட்டும் பிளக்கோட நிக்குது. இடி இடிச்சா பிளக்கைப் புடுங்குடான்னு உங்க பாட்டி சொன்னப்ப சிரிச்சே. பாட்டிக்கு வாட் தெரியாது, வோல்ட் தெரியாது, ஆனா அவ ரேடியோ கடைசி வரைக்கும் பாடுச்சு.

கேசிங்கைத் திற. பிளக்கை உருவிட்டுத் திற, சொல்லிட்டேன். நீ கடைசியா அதைத் திறந்தப்ப உன் மூத்தவ பொறக்கலே. உள்ள என்ன குடித்தனம் நடக்குதுன்னு பாரு. எறும்பு புத்து இருக்கலாம். பல்லி முட்டை இருக்கலாம். கார்டோட காத்தாடியை விரலால சுத்திப் பாரு, முனகிட்டு நின்னா அதோட அச்சு போச்சு. கார்டோட சிப்புக்கும் சூட்டை இழுக்குற உலோகத் தகட்டுக்கும் நடுவுல தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் இத்தனை வருசத்துல காஞ்சு பொடியாயிருக்கும். தூசியை ஊதி, பழைய பேஸ்ட்டைத் துடைச்சு, புதுசாத் தடவி, கார்டைக் கழட்டித் திரும்ப ஸ்லாட்ல அழுத்தி உக்கார வை. பாதிக் கேசு இதுலயே தள்ளுபடி ஆயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா காசு போட்டு வாங்கின பின்னாடி இதைச் செய்யிறவன் நம்ம குடும்பத்துல ஒருத்தன் போதும். அந்த இடத்துல உங்கப்பாரு ஏற்கெனவே இருக்காரு.

கடைசி சாட்சி ஒண்ணு இருக்கு, அதை நீ கூப்பிடவே மாட்டே, ஏன்னா அது உன் ஆசைக்கு எதிரா சொல்லும். உன் பெட்டியில இருக்கிறது இன்டெல் நாலாம் தலைமுறை ஐ5, 2013 வாக்குல வந்தது. அதுக்குள்ளயே சின்னதா ஒரு கிராஃபிக்ஸ் இருக்கு. கார்டை உருவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டு பின்னாடி இருக்கிற ஓட்டையில மாட்டு. படம் சுத்தமா வந்தா கார்டுதான் குற்றவாளி, ஒத்துக்கிறேன். ஆனா அதே நிமிசத்துல இன்னொண்ணும் நிரூபணமாயிடும்: புள்ளைங்க பாடம், யூடியூப், அஸ்ட்ரோ தமிழ்ப் பாட்டு, உன் சம்சாரத்தோட இன்வாய்ஸ், எல்லாம் அந்தச் சின்னதுலயே ஓடும். ஓடாதது அந்தத் துப்பாக்கி மட்டும்தான். புரியுதா? சிரிக்காதே.

உன் கூட்டாளி ஒருத்தன், அவனும் உன்னை மாதிரி புரோட்டோன் கார் ஆலையிலதான் வேலை, கார்டைக் கேக் அடுப்புல வச்சுச் சுட்டா உயிர் வந்துடும்னு சொன்னானாமே. சொன்னவன் முழுப் பொய்யன் இல்லே. 2008ல என்விடியா கம்பெனியே தன்னோட சிலவகைச் சிப்புங்களைக் கட்டின விதத்துல பலவீனம் இருக்குன்னு ஒத்துக்கிட்டு, 15 கோடியில இருந்து 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கி வச்சது. சூடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சிப்புக்கும் அதோட அடித்தட்டுக்கும் நடுவுல இருக்கிற பொட்டுங்க விரிசல் விட்டுடுது. அடுப்புல வச்சா விரிசல் கொஞ்சம் ஒட்டிக்கும், சில நாள் படம் தெரியும், அப்புறம் பழையபடி கோடு. ஈயம் கலக்காத சோல்டர் உருகறதுக்கே சுமார் 217 டிகிரி வேணும். நீங்க 200ல வச்சிட்டு வாசல்ல நின்னு சிகரெட் பிடிப்பீங்க. அந்தப் பிளாஸ்டிக் புகை ஏறின அடுப்புல தீபாவளிக்கு உன் சம்சாரம் கேக் வேகவைப்பா, அதை முதல்ல எனக்குத்தான் அனுப்புவா. வேணாம்யா. எனக்கு நம்ம ஊரு யிக் முன் கடைப் பாவ் போதும்.

குற்றம் கார்டு மேலதான்னு உறுதியாச்சுன்னு வை. இப்ப வாங்கறதைப் பத்திப் பேசலாம். மதர்போர்டு ஸ்லாட் தன் கையால குடுக்கக்கூடியது 75 வாட். அதுக்கு மேல கேக்குற கார்டுக்குப் பவர் சப்ளையில இருந்து தனி வயர் போகணும். உன் பெட்டியோட வந்த பவர் சப்ளையில அந்த வயரே இருக்காது. இருந்தாலும் பத்து வருசம் ஓடினதை நம்பி நான் என் பல்புகூட மாட்ட மாட்டேன். அதனால என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பார்க்கலாம், அது 75 வாட்டுக்குள்ள, பெரும்பாலான மாடலுக்குத் தனி வயர் வேணாம். ஜிடி 1030 இன்னும் சாது, 30 வாட். ஆனா என்விடியா 2025 அக்டோபரோட இந்தத் தலைமுறைக்கெல்லாம் புது விளையாட்டுக்கான டிரைவர் குடுக்கறதை நிறுத்திடுச்சு, 2028 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்புக்கு மட்டும் குடுக்கும். ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6400 இருக்கு, 53 வாட்தான். ஆனா அது ஸ்லாட்ல நாலு பாதையை மட்டும் பிடிக்கிற கார்டு. உன்னோட பழைய போர்டுல வேகம் குறையும். பாரு, கடைக்காரன் சொல்லாததெல்லாம் ரோலர் ஓட்டினவன் சொல்றேன்.

மானிட்டர் பின்னாடி நீலக்கலர் விஜிஏ ஓட்டை ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு? புதுக் கார்டுல அது கிடையாது. மாத்துக் கருவி தனியா வாங்கணும். அப்புறம் பவர் சப்ளை, அப்புறம் மானிட்டர், அப்புறம் அந்த ஐ5 வேகம் பத்தலேன்னு மதர்போர்டு, அப்புறம் மெமரி. ஒரு கார்டு வாங்கப்போன மருமகன் ஒரு கல்யாணம் பண்ணிட்டு வருவான். அதுலயும் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட கையைக் கழுவிடுச்சு. விண்டோஸ் 11 கேட்டா உன் நாலாம் தலைமுறையை வாசல்லயே நிறுத்திடுது, எட்டாம் தலைமுறை வேணுமாம். பெட்டி பூரா வயசாயிப் போச்சுய்யா, கார்டு மட்டும் முதல்ல இருமியிருக்கு.

பழைய கார்டு மலிவா வருதுன்னு போன்ல காட்டினே. அது எங்க உழைச்சுட்டு வந்ததுன்னு கேட்டியா? ஈத்தீரியம் காசு தோண்ட ஆயிரக்கணக்கான கார்டுங்க ராப்பகலா எரிஞ்சுச்சு. 2022 செப்டம்பர் 15ல அந்த வேலை நின்னதும் எல்லாம் சந்தைக்கு வந்துடுச்சு. மீரியில 2021ல மின்சாரம் திருடித் தோண்டின 1,069 மெஷினை ரோடு உருளையில நசுக்கினாங்களே, அது பிட்காயின் மெஷின், வேற சாதி. கார்டுங்களை யாரும் நசுக்கலே, குளிப்பாட்டிப் பொட்டு வச்சு வித்துட்டாங்க. கோமுட்டர் ரயில் ஏறி, கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற லோ யாட் பிளாசா போனீன்னா, கடையிலயே மாட்டி, கார்டைச் சூடேத்திச் சோதிக்கிற ஃபர்மார்க்கை ஓட்டி, இருபது நிமிசம் பக்கத்துல உக்காரு. அவசரப்படுத்துற கடையில இருந்து எழுந்து வந்துடு. கார்டுல இருக்கிற சிப்பு எங்கிருந்தோ வானத்துல இருந்து இறங்கின அதிசயம்னு கடையில மலைச்சு நிக்காதே. 1972லயே இன்டெல் பினாங்குல ஆலை போட்டாச்சு, ஈப்போவுல கார்செம், யூனிசெம்னு சிப்பை உறையில கட்டுற ஆலைங்க இருக்கு. நம்ம ஊர்ப் பொம்பளைங்க தோட்டத்து லயத்தை விட்டு பஸ் ஏறிப்போய் நின்ன வேலைதான் அது.

என் தீர்ப்பு இதுதான். சுத்தம் பண்ணு, கேபிளை மாத்து, மதர்போர்டு ஓட்டையில மாட்டு, புள்ளைங்க படிக்கட்டும். துப்பாக்கி இல்லாம உசிரு நிக்கலேன்னா, 75 வாட்டுக்குள்ள பழைய கார்டு ஒண்ணு, அதுக்கு மேல ஒரு வெள்ளி போடாதே. மிச்சத்தைச் சேர்த்து அடுத்த வருசம் முழுப் பெட்டியா வாங்கு. செத்த கார்டைக் குப்பைத் தொட்டியில வீசாதே, நம்ம நாட்டுச் சட்டத்துல அது எஸ்டபிள்யூ 110னு எண் போட்ட அபாயக் கழிவு, மின்கழிவு வாங்குற இடத்துல குடு. கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேசிங் உள்பக்கம் நீளத்தை அளந்து எழுதிக்கோ. உள்ள நுழையாத கார்டைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்.