நூறு சிசி இலக்கணம்

பஜாஜ் சிடி 100 என்னும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போதே முழுமை பெற்றுவிட்டது என்பது புனே நகரத்துப் பொறியியலாளர்களின் கொள்கை. எஹலியகொடவில் இக்கொள்கைக்கு ஆதரவாளர் எவரும் இலர். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதியை விட்டு விலகி, இறப்பர் மலைக்குள் ஏறும் எந்தத் தோட்டப் பாதையில் போனாலும், ஞாயிற்றுக்கிழமை பகலில் ஏதாவதொரு லயத்து வாசலில் அந்த வண்டி அரை உடம்போடு நிற்பதைக் காணலாம். பக்க மூடிகள் திண்ணையில் கிடக்கும். பிளாஸ்டிக் பேசினில் மண்ணெண்ணெய்க்குள் சங்கிலி ஊறிக்கொண்டிருக்கும். சட்டை போடாத இளைஞன் ஒருவன் குந்தியிருப்பான். நான்கு பேர் சுற்றி நின்று, தாங்கள் கை வைக்காத வேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போயிருக்கும்.

இந்நிகழ்வை ஆய்வுலகம் இதுகாறும் புறக்கணித்தே வந்திருக்கிறது. மலையகத்தின் காமன் கூத்தை ஆராய்ந்தார்கள். பொன்னர் சங்கரை ஆராய்ந்தார்கள். நாட்டார் பாடல்களைத் தொகுத்தார்கள். சைலன்சரைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை. இத்தனைக்கும் மேற்சொன்ன கலைகளைவிட அது உரக்க ஒலிப்பது.

ஆய்வு முறை எளியது: திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டி குடித்தல். தகவல் தந்தோரின் பெயர்களை மறைத்திருக்கிறோம். பொலிசுக்குப் பயந்தல்ல, அவர்களுடைய அம்மாமாருக்குப் பயந்து.

ஆய்வுப் பொருளின் உடற்கூறு வருமாறு. 53 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 45 மில்லிமீற்றர் ஏறி இறங்குகிறது. பெருக்கிப் பார்த்தால் 99.27 சிசி வரும். நூறுக்குக் குறைந்த அந்த 0.73ஐப் பற்றி எஹலியகொடவில் யாரும் முறையிட்டதில்லை. வலு ஏறத்தாழ எட்டுக் குதிரை. கியர் நான்கு. இவ்வளவு அடக்கமான ஒரு பொருளுக்கு அலங்காரம் எதற்கு என்று கேட்பவர்கள், மாப்பிள்ளைக்கு மாலை எதற்கு என்று கேட்பவர்களே.

தொல்காப்பியர் மொழி முழுவதையும் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரத்துக்குள் அடக்கினார். அதிகாரத்துக்கு ஒன்பது இயல். வீட்டு வாசலில் நடக்கும் மாற்றங்களும் அந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்பது இயலுக்கு மட்டும் எமக்குப் பொறுமையில்லை.

எழுத்து

முதலில் அழித்தல், பிறகே எழுதுதல். கம்பனி ஒட்டியனுப்பிய ஸ்டிக்கரைக் கொதிநீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து இளக்கி, ஓரம் நெகிழ்ந்ததும் நகத்தால் உரித்து, மிச்சப் பசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். சுளுக்குக்குக்கூட இந்த வீடுகளில் இவ்வளவு கவனமாக ஒத்தடம் கொடுப்பதில்லை.

உரித்த இடத்தில் எதை எழுதுவது என்பதில் தலைமுறை வேறுபாடு உண்டு. மூத்தோர் வேலும் மயிலும் என்பர். இளையோர் தம் வண்டியைவிடப் பெரிய வண்டியொன்றின் பெயரை விரும்புவர். சிடி 100இன் தாங்கியில் ‘கேடிஎம்’ என்று ஒட்டுவது பொய் என இகழ்வோர் வரலாறு அறியாதவர்கள். 2007ஆம் ஆண்டிலேயே பஜாஜ் நிறுவனம் ஆஸ்திரியாவின் கேடிஎம்மில் பங்கு வாங்கிவிட்டது. ஆகவே இரண்டும் உறவுக்கார வண்டிகள். சித்தப்பா வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொள்வது எங்கள் பக்கத்தில் குற்றமில்லை. ‘யமஹா’ என்று ஒட்டுபவனுக்குத்தான் இந்த நியாயம் பொருந்தாது. அப்படிப்பட்ட ஒருவனிடம் இதை எடுத்துரைத்தோம். “கடையில அதுதாண்ணே இருந்திச்சி” என்றான். மூலபாடத்தில் இப்படியொரு எளிய விளக்கம் கிடைத்தபின் உரையாசிரியனுக்கு வேலையில்லை.

வர்ணம் தனி இயலாக விரித்தற்குரியது. இன்று நாடப்படும் நிறம் மெட் கறுப்பு. டப்பாவைக் குலுக்கி அடிப்பதுதான்; ஆனால் எஹலியகொட ஈரவலயத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊர். ஸ்ப்ரே வர்ணத்தில் உள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது அடித்த பரப்பைக் குளிரச் செய்கிறது. அந்தக் குளிருக்குக் காற்றிலுள்ள ஈரம் வந்து படிய, காயாத பூச்சுக்குள் வெண்புகைபோல ஒரு படலம் தங்கிவிடும். இதனால்தான் இப்பகுதியின் மெட் கறுப்பு, முற்றிய பூசணிக்காயின் தோலை ஒத்திருக்கிறது.

வெயில் நாளில் அடித்தாலென்ன என்று வெளியூரார் கேட்பர். இங்கேதான் ஆய்வாளர் மகிழும் முரண் இருக்கிறது. மழை பெய்தால் இறப்பர் பால் வெட்ட முடியாது. பட்டையில் வழியும் தண்ணீர் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே மழை நாள் ஓய்வு நாள். வெயில் அடித்தால் வேலை. பால் நன்றாக ஊறுவது விடியற்காலையில் என்பதால் இருட்டோடு மலையேறி, வெட்டி, சிரட்டைப் பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து இறங்கும்போது பகலாகிவிடும். பின்னேரம் கிடைக்கிறதே என்றால், பருவ மாற்ற மாதங்களில் இடி மழை வருவதும் அதே பின்னேரந்தான். ஓய்வுள்ள நேரத்தில் வர்ணம் காயாது. வர்ணம் காயும் நேரத்தில் ஓய்வில்லை. ஒரு பக்க மூடி கறுப்பும் மறுபக்கம் கம்பனிச் சிவப்புமாக ஓடும் வண்டிகளைப் புதுப்பாணி என்று பட்டணத்தார் மயங்குவதுண்டு. அது வானிலை.

சொல்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் வாயு விட்டுவிட்டு வெடித்து வெளியேறுகிறது. சைலன்சருக்குள் உள்ள தடுப்புத் தகடுகளும் அறைகளும் அந்த அலைகளைத் திருப்பி ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகின்றன. இத்தகடுகள் இருக்கும்வரை வண்டி முணுமுணுக்கும். முணுமுணுக்கும் வண்டிக்குப் பெண் கொடுப்பார்களா என்பதே நம் இளைஞரின் அடிப்படைக் கவலை.

இதற்கு மருந்து இரண்டு. வால் பக்கம் ட்ரில் போட்டு ஓட்டை இடுவது ஒன்று. உட்குழலை உருவியெடுத்துவிடுவது மற்றொன்று. முன்னையோர் பின்னையோரைக் காட்டுமிராண்டிகள் என்பர். எந்த முறையிலும் விளைவு ஒரே தன்மையது. கார்புரேட்டரின் ஜெட் பழைய சைலன்சருக்கென அளந்து வைத்தது; வாயு தடையின்றி ஓடத் தொடங்கினால் கலவையில் பெற்றோல் விகிதம் குறைகிறது, தாழ்ந்த சுழற்சியில் இழுவை விழுகிறது, அக்சிலேட்டரை விட்டால் பட்டாசு வெடிக்கிறது. எட்டுக் குதிரைகளில் ஒன்று தப்பியோட, மிச்ச ஏழும் இருபது குதிரையின் கனைப்பைக் கனைக்கின்றன. வேகம் கூடிவிட்டதாக ஓட்டுபவன் சத்தியம் செய்கிறான். பின்னால் உட்கார்ந்து வந்த நாமும் அப்படித்தான் உணர்ந்தோம்; பழைய சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களைக் கடந்து போகும்வரை.

லயத்தின் கட்டடக்கலையை மனத்தில் கொண்டாலன்றி இவ்வதிகாரம் விளங்காது. பழைய லயங்களில் அறைக்கு அறை உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. முதற்காம்பிராவில் பிள்ளை இருமினால் கடைசிக் காம்பிராவில் மருந்து சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், மூன்று வளைவுக்குக் கீழே வரும்போதே சைலன்சர் தகவல் சொல்லிவிடுகிறது. அம்மா அடுப்பில் கேத்தலை வைக்கிறார். நாய்கள் எழும்புகின்றன. சில வீடுகளில் சில ஜன்னல்கள் திறக்கின்றன. இதைப் பற்றிய விவரம் களவியலுக்குரியது.

வருடம் ஒருமுறை வரி அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கவும், அதற்கு முன் புகைப் பரிசோதனை செய்யவும் வேண்டும். ஆகவே ஒரிஜினல் சைலன்சரை யாரும் வீசுவதில்லை. கிரீஸ் பூசி, உரச் சாக்கில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்திருப்பார்கள். பெட்டியில் கூறைச்சேலை இருப்பதுபோல அதுவும் நல்ல நாளுக்காகக் காத்திருக்கும்.

இது எஹலியகொடவுக்கு மட்டும் உரிய பித்தன்று. 1960களில் வட லண்டனின் ஏஸ் கஃபே வாசலில் கூடிய தொழிலாளர் வீட்டுப் பையன்களும் ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், சீட்டைக் குறுக்கினார்கள், மணிக்கு நூறு மைல் தொடுவதே மோட்சம் என்றிருந்தார்கள். அவர்களுக்கு நூறு மைல், எமக்கு நூறு சிசி. ஏஸ் கஃபேயைச் சுற்றி அட்டை கிடையாது என்பது வேறுபாடு.

அட்டையைவிட முக்கியமானது சேறு. பின் மட்கார்டை அரைவாசியில் அறுத்தெறிவது ஸ்டைலின் முதற்படி. அதனுடன் சேலை கார்டும் போகிறது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி அதன் பாதியையாவது மூடும் காப்பு வேண்டும் என்கிறது. பின்சீட்டில் பக்கவாட்டாக உட்காரும் பெண்களை நினைத்து ஒரு நாடு சட்டம் இயற்றி, வெல்டிங் செய்து, கடல் தாண்டி அனுப்பியதை எங்கள் பையன் அரை மணி நேரத்தில் கழற்றிவிடுகிறான். பிறகு மழை வருகிறது. சிவப்புச் சேறு சக்கரத்திலிருந்து கிளம்பி, அவன் முதுகில் கழுத்துவரை நேர்கோடு போடுகிறது. அதையும் பொறுப்பான். கோயிலுக்குப் போகும் அம்மாவின் சேலையில் அதே கோடு விழுந்த அன்று கலை முடிவுக்கு வருகிறது.

அறுத்த மட்கார்டைக் கம்பனி திருப்பித் தராது. பழைய டியூப்பை வெட்டி, ஓட்டை போட்டு, நட்டு முறுக்கி ஒரு தொங்கல் போடுவார்கள். இங்கே சற்று நிற்க வேண்டும். 1876இல் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த இறப்பர் நாற்றுகளை ஹெனரத்கொடவில் நட்டார்கள். இலங்கையின் இறப்பர்க் கதை அங்கே தொடங்கியது. இந்த மலைகளில் தாத்தா பால் வெட்டினார், அப்பா வெட்டினார், அந்தப் பால் எத்தனையோ கடல் தாண்டி உருமாறியது. அதில் ஒரு துண்டாவது அம்மாவின் சேலையைக் காக்க வீடு திரும்பியிருக்கிறது என்று எண்ண ஆய்வாளருக்கு ஆசை. டியூப்பில் சீன எழுத்து இருந்ததால் மேலே எழுதவில்லை.

பொருள்

இவ்வதிகாரத்தில் களவியலும் கற்பியலும் அடங்கும்.

களவுக் காலத்து வண்டிக்குச் சீட்டு குட்டை. கண்ணாடி உள்ளங்கை அளவு. முன் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு பல் அதிகம். முன்னுக்கு 14 பல், பின்னுக்கு 42 பல் என்றால் விகிதம் 3. முன்னதை 15 ஆக்கினால் 2.8 ஆகி, அதே வேகத்தில் எஞ்சின் ஏழு சதவீதம் மெதுவாகச் சுழலும். ஏ4 வீதியில் பஸ்ஸை முந்தலாம் என்பது நம்பிக்கை. தோட்டத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம் என்பது அனுபவம்.

கலியாணம் முடிந்த சில மாதங்களில் அதே வாசலில் அதே வண்டி மறுபடி கழற்றப்படுகிறது. இம்முறை முன் ஸ்ப்ரொக்கெட் 13 பல்; விகிதம் 3.23, இழுவை எட்டு சதவீதம் கூடும். மனைவி, பிள்ளை, காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை ஆகிய நான்கையும் ஒரே கியரில் ஏற்ற அது போதும். சீட்டு நீள்கிறது. பின்னால் கெரியர் வருகிறது. கண்ணாடி பெரிதாகிறது. உரச் சாக்கு அவிழ்க்கப்பட்டு ஒரிஜினல் சைலன்சர் நிரந்தரமாகப் பூட்டப்படுகிறது. ஜன்னல்கள் திறப்பதில்லை. பொறியியலாளர்கள் புனேயில் எண்ணியிருந்த வண்டிக்கு மிக அருகே, இத்தனை சுற்றுக்குப்பின், அவன் வந்து சேர்கிறான். இதை அவனிடம் சொல்லவில்லை.

இனி இந்த ஆய்வின் மையக் கேள்வி: ஏன்? லயத்து அறை அவனுடையதன்று. காணி அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகள் கையில். குசினிப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்க, மழைக்கு ஒரு சார்ப்பு இறக்க, தோட்டத்து ஒபீசில் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தாத்தா கேட்ட ஜன்னலுக்கே இன்னும் பதில் வராத வீடுகள் உண்டு. சைலன்சரில் ஓட்டை போட எந்தத் தொரையிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆணி அடிக்கவும் வர்ணம் பூசவும் அறுத்து ஒட்டவும் துடிக்கும் கை, சுவரில் செய்ய முடியாததை வண்டியில் செய்துகொள்கிறது. ஸ்டைல் என்று நாம் வகைப்படுத்தியதில் பெரும்பகுதி வீடு கட்டும் ஆசை என்பது எம் துணிபு.

இத்துணிபுக்கு ஆவணம் ஒத்துழைக்கவில்லை என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். வண்டி லீசிங்கில் எடுத்தது. பதிவுப் புத்தகத்தில் இவன் பெயர் பதிவு செய்த உரிமையாளர். முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. பதிவிலுள்ள நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். ஆக இங்கேயும் ஒரு ஒபீஸ் இருக்கிறது. தூரத்தில் இருப்பதால் கண்ணில் படவில்லை. 2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தோடு பொலிசார் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் இருந்த மேலதிகச் சோடனைகளைக் கழற்றச் சொன்னபோது, எங்கள் பையன்கள் கொஞ்ச நாள் உள்பாதைகளிலேயே ஓடினார்கள். 2022இல் கியூஆர் முறை வந்து வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றிருந்தபோது ஓடவே இல்லை. வண்டி வாசலில் நின்றது. அந்தக் காலத்தைப்போல் ஸ்டிக்கர் வேலை நேர்த்தியாக நடந்த காலம் வேறில்லை.

கடைசியாக விற்பனை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளுக்கு விலை ஏறியது. ஐந்து வருடம் அப்படியே போயிற்று. விலை ஏற ஏற ‘ஒரிஜினல் கொண்டிஷன்’ என்ற சொற்றொடருக்கு மந்திர வலிமை வந்தது. வண்டி பார்க்க வருபவர் முதலில் சைலன்சரின் வாலுக்குள் விரலை விடுகிறார். பிறகு மட்கார்டைத் தட்டிப் பார்க்கிறார். தாங்கியில் ஸ்டிக்கர் உரித்த தடம் இருக்கிறதா என்று வெயிலுக்குத் திருப்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு குறைக்கும் ஆயிரக்கணக்கில் குறைக்கிறார். எங்கள் பையன் ஒருவன் கட்டிலுக்கடியில் இருந்த அத்தனையையும் ஒரு வாரம் பாடுபட்டுத் திரும்பப் பூட்டி, வண்டியைக் கம்பனியிலிருந்து வந்த கோலத்துக்குக் கொண்டுவந்து, பரகடுவவிலிருந்து வந்தவருக்கு நல்ல விலைக்குக் கொடுத்தான். வந்தவர் காசை எண்ணிக் கொடுத்தார், புத்தகத்தை வாங்கினார், வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“தம்பி, ஓட்ட போட்ட சைலன்சர் ஒன்னு இருந்திச்சாமே, அத என்னா செஞ்சீங்க?”