நிரல் துயில்: பெங்களூர் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் சொன்ன நேரம்வரை தூங்கவைக்கும் 'ஸ்லீப்' கட்டளைக்கு உரிய மரியாதையை அறிஞர் உலகம் தரவில்லை என்பது எம் துணிபு. களமாகப் பெங்களூரைக் கொண்டதற்கு விளக்கம் தேவையில்லை. 1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே கடை விரித்த காலம்தொட்டு இவ்வூர் கோட் எழுதுகிறது; எழுதாத நேரம் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கிறது.

முதலில் அலகுச் சிக்கல். பைத்தானும் பிஎச்பியும் வினாடிக் குலம். ஜாவாவும் விண்டோஸும் மில்லிவினாடிக் குலம். இவற்றுக்குள் சம்பந்தம் வைத்தால் விபரீதம். ஐந்து வினாடிக்கு 5000 என்று ஜாவாவில் எழுதிப் பழகிய கை பைத்தானிலும் அதையே எழுதினால், நிரல் 1 மணி 23 நிமிடம் 20 வினாடி உறங்கும். மாலை ஆறு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வைட்ஃபீல்டுக்குக் கிளம்பியவருக்கு இதில் பிழையே தெரியாது. பைத்தான்காரர் ஜாவாவுக்குப் போய் வெறும் 5 போட்டாலோ, கண்ணை மூடுமுன் விடிந்துவிடும்.

இக்கட்டளை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில், மடிவாளாவில் சேலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் பிறக்கிறது. பிரவுசரைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் செலினியம் டெஸ்ட் ஒன்று சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில். பக்கம் முழுசாக லோடாகுமுன் பட்டனைத் தேடுவதே காரணம். "மச்சி, ரெண்டு செகண்ட் ஸ்லீப் போட்டு விடுடா, திங்கக்கிழம பாத்துக்கலாம்." பக்கத்திலேயே 'தற்காலிகம்' என்று ஒரு கமென்ட். அந்தத் திங்கட்கிழமை வந்ததாகச் சான்று இல்லை. சர்வர் சுணங்கினால் இரண்டு ஐந்தாகும், ஐந்து பத்தாகும். இப்படி இருநூறு டெஸ்ட் சேர்ந்தால் அரை மணிக்கு மேல் தூக்கத்திலேயே போகும். பட்டன் வந்ததா என்று அரை வினாடிக்கொரு தரம் எட்டிப் பார்த்து, வந்ததும் நகரும் வசதி அதே செலினியத்தில் இருக்கிறது. எழுதக் கூடுதலாய் ஓரிரு வரி ஆகும்; பஸ் நிற்காது.

நுட்பம் ஒன்று. ஐந்து வினாடி கேட்டால், "அதற்கு முன் நானாக எழுப்ப மாட்டேன்" என்பதே இயங்குதளம் தரும் வாக்கு. பிறகு எப்போது எழுப்பும் என்பது ப்ராசசருக்கு எவ்வளவு வேலை என்பதைப் பொறுத்தது. விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பு சுமார் 15.6 மில்லிவினாடி. அதனால் ஒரு மில்லிவினாடி கேட்டவருக்குப் பதினைந்து வரை கிடைப்பதுண்டு. "ஐது நிமிஷ சார்" என்னும் கேப் டிரைவரும் இதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்தான்.

நடுவில் யாராவது எழுப்பினால்? சி மொழி, பாக்கி எத்தனை வினாடி என்று கணக்குச் சொல்லிவிட்டு எழுந்துவிடும். பைத்தான், 2015ல் வந்த 3.5 முதல், வந்த ஆளைக் கவனித்து அனுப்பிவிட்டு மிச்சத் தூக்கத்தைத் தொடரும். ஜாவா மட்டும் 'இன்டரப்டட் எக்செப்ஷன்' என்று அலறும். அலறலைப் பிடி, இல்லையேல் மேலிடத்துக்கு அனுப்பு என்பது கம்பைலரின் கண்டிப்பு. நம்மவர்கள் பிடிக்கிறார்கள், பிடித்து, அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒன்றும் எழுதாமல் மூடிவிடுகிறார்கள். ரிவ்யூவில் அதற்கும் 'எல்ஜிடிஎம்' ('லுக்ஸ் குட் டு மீ') விழுகிறது.